அழுத்தியவர் விட்டுவிடுவார்

உதியன்குளங்கரை ஆட்டோ ஸ்டாண்டில் யாராவது சகாயதாஸிடம், "உனக்க பெண்டாட்டிக்கு கழக்கூட்டத்துல என்ன வேலைலே?" என்று கேட்டால் அவனிடம் பதில் தயாராக இருக்கும்.

"குத்தம் கண்டுபிடிக்கது ஆக்கும் வேலை. வீட்டுல சும்மாட்டு செய்யுதா. அங்க அதுக்குச் சம்பளம் உண்டு."

ஸ்டாண்டே சிரிக்கும். ஜேனட் காதில் விழுந்தால் அவளும் சிரிப்பாள். சொன்னதில் பெரிய பொய்யும் இல்லை.

பூவாறு பக்கத்துக் கடற்கரையில் பிறந்தவள் ஜேனட். அப்பாவும் தம்பி ரெனிலும் கடலுக்குப் போக, இவள் எலக்ட்ரானிக்ஸ் படித்தாள். சகாயதாஸும் கடலுக்குப் போனவன்தான். முதுகு ஒத்துழைக்காமல் போனபின் கரையேறி ஆட்டோ வாங்கினான். இருவரும் திருப்புறத்தில் வீடு கட்டிக் குடியிருந்தார்கள். வாரத்தில் மூன்று நாள் அவள் ரயிலேறிக் கழக்கூட்டத்து ஆபீஸுக்குப் போவாள். மற்ற நாட்களில் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை விரித்துவைத்து, ஓரத்தில் குழம்புச் சட்டி படாமல் பார்த்துக்கொண்டு வேலை செய்வாள்.

கம்பெனி சின்னது. வேறு கம்பெனிகள் வடிவமைக்கும் சிப், ஆலைக்குப் போய் உருவாவதற்கு முன்னால் அதன் வடிவமைப்பில் பிழை இருக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பார்கள். சிலர் அதற்கு ஆயிரக்கணக்கில் பரீட்சை வைத்துப் பார்ப்பார்கள். இதைக் கொடுத்தால் அது வருகிறதா என்று. ஜேனட்டின் பிரிவில் பரீட்சையே கிடையாது. சிப்புக்குள் ஓடும் ஒவ்வொரு சிக்னலுக்கும் ஓர் எழுத்து வைத்துக்கொண்டு, அந்தச் சிப் எந்தெந்த நிலையில் இருக்க முடியுமோ அத்தனை நிலைகளையும் ஒரே வரைபடத்தில் அடக்கிவிடுவார்கள். வரைபடம் முழுக்கக் கிளை கிளையாகப் பிரியும் கேள்விகள். ஆமா என்றால் ஒரு வழி, இல்லை என்றால் இன்னொரு வழி. ஒரே இடத்துக்குப் போகும் வழிகள் ஒன்றாகச் சேர்ந்துவிடும். எண்ணி மாளாத நிலைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்காமல், மொத்தமாக ஒரு கேள்வி கேட்டு மொத்தமாகப் பதில் வாங்குவது. கல்யாணமான புதிதில் இதைச் சகாயதாஸுக்குப் புரியவைக்க அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. கடைசியில் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருக்கும்போது ஒரு வழி கிடைத்தது.

"நாளைக்கு நம்ம வீட்டுல மீன்கறி உண்டா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"உனக்க முகத்தப் பாத்து."

"சொல்லுகதக் கேளுங்க. ரெனில் கடலுக்குப் போனானா, அவனுக்கு மீன் பட்டுதா. ரெண்டும் ஆமான்னா கறி உண்டு. அது ஒரு சோடி. இல்லேன்னா மீன்காரி வந்தாளா, வாங்க வீட்டுல ஆள் இருந்துதா. இது இன்னொரு சோடி. சோடியச் சேத்து வெச்சுக் கேட்டா நாலு கேள்வியில முடிஞ்சு. ரெனில் போனானா, மீன்காரி வந்தாளா, இவனுக்கு மீன் பட்டுதா, வீட்டுல ஆள் இருந்துதான்னு கலைச்சுப் போட்டுக் கேட்டா, முன்ன சொன்ன பதில எல்லாம் மனசுல சுமந்துகிட்டே போவணும். நாலு கேள்வின்னா பரவால்ல. நானூறு வந்தா கம்ப்யூட்டருக்கே மூச்சு முட்டிப்போவும்."

"சரி, நாளைக்குக் கறி உண்டா இல்லையா?"

"இல்ல."

"இத முதல்லயே சொல்லியிருந்தா ஒரு கேள்வியோட போயிருக்கும்."

இப்படி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் அந்தப் பெட்டியின் சிப் வந்தது.

மீன்பிடி வள்ளங்களில் வைக்கும் ஆபத்துப் பெட்டி. கைக்கு அடக்கமாக, ஆரஞ்சு நிறத்தில், அடியில் ஒரு சிவப்புப் பொத்தானும் அதற்கு மேலே ஒரு கறுப்புப் பொத்தானும். சிவப்பை அழுத்தினால் வள்ளம் இருக்கும் இடமும் அபாயச் செய்தியும் வானத்துக்குப் போகும். கறுப்பு, கரையில் வைத்து மெக்கானிக் சோதித்துப் பார்ப்பதற்கு. கடலோரத்தில் பழைய பெட்டிகள் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தன. அதே கூட்டுக்குள் புதிய சிப் ஒன்று வைத்து, அதிக தூரம் எட்டும் புதிய பெட்டி வரப்போகிறது. அந்தச் சிப்பைச் சரிபார்க்கும் வேலையை, டீம் லீடாக இருந்த அகிலேஷ் ஜேனட்டுக்குக் கொடுத்தான். அவளைவிடச் சின்னவன், நெய்யாற்றின்கரைக்காரன். அவளைச் சேச்சி என்றுதான் கூப்பிடுவான்.

"கடல் நமக்கெல்லாம் படத்துலதான் சேச்சி. உங்களுக்கு அது வீடு. நீங்களே பாருங்க."

கேட்டதும் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். புயல் அடித்த வருஷம் ரெனில் போன வள்ளம் கரை வராமல், பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்த அவன் மனைவி ரெஜிலாவின் தோளைப் பிடித்தபடி அவள் மணலில் நின்றிருக்கிறாள். அவன் வந்து சேர்ந்தான். எல்லாரும் வந்து சேரவில்லை. அதற்குப் பிறகுதான் இந்தப் பெட்டிகளே வந்தன.

சிப்பைப் பற்றி நிரூபிக்க வேண்டிய உறுதிகளில் தலையாயது இது: சிப் எந்த நிலையில் இருந்தாலும், சிவப்புப் பொத்தான் அழுத்தப்பட்டால் அபாயச் செய்தி வெளியே போயே தீரும். உறுதிகளுக்கு முன்னால், வெளி உலகம் எப்படி நடந்துகொள்ளும் என்று சில நிபந்தனைகளை எழுதிக் கொடுக்க வேண்டும். பேட்டரி இருக்கும், கடிகாரத் துடிப்பு நிற்காது, இப்படி. வாடிக்கையாளர் கம்பெனியின் குறிப்பில் இருந்த நிபந்தனைகளில் ஒன்று: சோதனைப் பொத்தானை அழுத்தியவர் பிறகு விட்டுவிடுவார். காலம் முழுக்க ஒருவன் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே நிற்பான் என்று வைத்துக்கொண்டால் எந்த உறுதியும் நிற்காது. எல்லா வேலையிலும் இதுபோல ஒரு வரி உண்டு. ஜேனட் அதை இரண்டாவது தடவை வாசிக்கக்கூட இல்லை. தட்டி உள்ளே போட்டாள். வரைபடம் அளவாக நின்றது, நிரூபணம் முடிந்தது, உறுதிக்குப் பக்கத்தில் பச்சைக் குறி விழுந்தது. வெள்ளிக்கிழமை அறிக்கையில் கையெழுத்துப் போட்டால் அவள் பங்கு தீர்ந்தது.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ரெனிலின் மகளுக்குப் பிறந்தநாள். சர்ச்சில் பூசை முடிந்து இருவரும் அங்கே போனார்கள். ரெனில் வாசலில் உட்கார்ந்து, சார்ஜ் போட்டு எடுத்த பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான். முதலில் பாலித்தீன் கவர். அதன்மேல் சைக்கிள் டியூபை நீளமாக வெட்டிய ரப்பர் பட்டை. பல்லால் ஒரு முனையைக் கடித்துப் பிடித்து, இழுத்து இழுத்துச் சுற்றினான்.

ஜேனட்டின் கையில் ரெஜிலா கொடுத்த சாயா இருந்தது. அதைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எலே மக்கா, இத எதுக்கு இப்படி வரிஞ்சு கட்டுக?"

"பின்ன? ஓரத்துல உப்புத்தண்ணி கேறும்லா. பொட்டி செய்தவன் கடலப் பாத்திருப்பான்னு நெனைக்கியா?"

"மேல கொண்டுபோய்க் கட்டியிருக்கியே. அடியில கட்டப்பிடாதா?"

"அடியில செவப்பு கெடக்கு. டியூப் அதுல அமுங்கிச்சுன்னு வெச்சுக்கோ, ஹெலிகாப்டர் தலைக்கு மேல வந்து நிக்கும். மீனும் இல்ல, மானமும் இல்ல. போன வருஷம் ஒருத்தன் வாங்கிக் கட்டிக்கிட்டான். அதுக்குப் பொறவு எல்லாவனும் செவப்ப விட்டு மேலதான் கட்டுகது."

"மேல கறுப்பு இருக்கே."

"அது எதுக்குன்னு எவனுக்குத் தெரியும்? அமுக்கினா ஒண்ணும் நடக்காது. சும்மா கெடக்கட்டும்."

அவள் பெட்டியை வாங்கி, விரலால் பட்டையை ஓரமாக ஒதுக்கிப் பார்த்தாள். கறுப்புப் பொத்தான் உள்ளே போய், கூட்டோடு கூடாக ஒட்டிக் கிடந்தது. பல மாதங்களாக அப்படியே கிடந்திருக்க வேண்டும்.

"மைனி, சாயா ஆறுது" என்றாள் ரெஜிலா.

"பொட்டிக்கு என்ன, அக்கா? உனக்க மொகம் ஏன் இப்படி ஆச்சு?" என்றான் ரெனில்.

"ஒண்ணுமில்ல. இது பழசு. இதுக்கு ஒண்ணும் இல்ல."

பழையதில் சோதனை ஒரு தடவை நடந்து முடிந்துவிடும். பொத்தான் அமுங்கியே கிடந்தாலும் கேடில்லை. புதிய சிப் அப்படியில்லை. அதில் கறுப்புப் பொத்தான் விடுபடும்வரை சோதனை நடந்துகொண்டே இருக்கும். சோதனை நடக்கிறவரை மற்றதெல்லாம் வரிசையில் நிற்கும். சிவப்பும்.

வீடு திரும்பும்போது ஆட்டோவின் பின்சீட்டில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. திருப்புறம் வளைவில் சகாயதாஸ் கண்ணாடியில் பார்த்துச் சொன்னான்: "எட்டி, கேக்கு நல்லாயில்லேன்னா அவகிட்டச் சொல்லியிருக்கலாம்லா."

திங்கட்கிழமை சாப்பாட்டு மேஜையிலேயே அந்த ஒரு வரியை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினாள். சட்டென்று பதில் வந்தது. உறுதி பொய்த்தால் அது எப்படிப் பொய்க்கிறது என்று கருவியே ஓர் எதிர் உதாரணத்தை வரைந்து காட்டும். திரையில் மூன்று கோடுகள். கறுப்புக் கோடு உயர்ந்தது, உயர்ந்தபடியே போனது. சற்றுப் பின்னால் சிவப்புக் கோடு உயர்ந்தது. செய்தி வெளியே போவதைக் காட்டும் மூன்றாவது கோடு தரையோடு கிடந்தது. அது எழும்பவே இல்லை. முடிவில் ஒரு வளையம். இதற்கு மேல் இதேதான் என்று பொருள்.

படத்தை அனுப்பிவிட்டு அகிலேஷுக்குப் போன் செய்தாள். டியூப், பாலித்தீன், ஹெலிகாப்டர் எல்லாம் சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"சேச்சி, கறுப்பு அமுங்கியே இருக்கும்னா அது பெட்டியோட கேடு. சிப்போட கேடு இல்ல. நம்மகிட்ட கேட்டது சிப்."

"செத்துப்போறவன் சிப்பு வேற, பொட்டி வேறன்னு பிரிச்சுப் பாப்பானா அகிலேஷ்?"

அவன் படத்தை மறுபடி திறக்கும் கிளிக் சத்தம் போனில் கேட்டது.

"வழி என்னன்னு சொல்லுங்க" என்றான் பிறகு.

"ஒரு டைமர். சோதனை கொஞ்சநேரம் ஓடினா அதுவே நின்னுடணும். பொத்தான் அமுங்கியிருந்தாலும் சரி."

"டிசைன்காரங்ககிட்ட நான் கேட்டுப் போடச் சொல்றேன். ஆனா புதுசா ஒண்ணு சேர்த்தா எல்லாத்தையும் மறுபடி நிரூபிக்கணும். வியாழக்கிழமைக்குள்ள பச்சை விழுந்தா மேல கொண்டுபோறேன். விழலேன்னா என்னால வாய் திறக்க முடியாது."

டைமர் வந்தது. நிரூபணம் வரவில்லை. சின்ன டைமர்தான், ஆனால் அதன் ஒவ்வொரு இலக்கமும் ஒரு கேள்வி. கருவி அவற்றை வரிசையின் கடைசியில் கொண்டுபோய் வைத்தது. வரைபடம் வீங்கி, வீங்கி, நினைவகத்தை முழுக்கத் தின்றுவிட்டு இடையில் நின்றுபோனது. ஜேனட் வரிசையை மாற்றினாள். மறுபடி நின்றது. கருவியே வரிசை தேடட்டும் என்று விட்டாள். அது தேடிக்கொண்டே இருந்தது. அடுப்பில் பயறு அடிப்பிடித்த வாசனை வந்தபோதுதான் எழுந்தாள். சகாயதாஸ் வாய் திறக்காமல் கரண்டியால் சுரண்டித் தின்றான். அவன் வாய் திறக்காததே பெரிய சங்கதி.

புதன்கிழமை ரயிலில், பாறசாலையில் ஏறி வந்திருந்த இரண்டு பெண்கள் ஒரு கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளையின் அண்ணன் பெண்ணின் எந்தப் பக்கத்துக்குச் சொந்தம் என்று ஒருத்தி கேட்க, மற்றவள் தலைமுறை தலைமுறையாக மேலே போய் இறங்கி வந்தாள். கேட்டவள் வழியில் எங்கோ தொலைந்துபோனாள். "நீ இப்படி எல்லாத்தையும் அவுத்துப் போட்டா எப்படி? அவனையும் அவளையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுச் சொல்லேன்" என்று சலித்துக்கொண்டாள். ஜேனட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தான் சகாயதாஸுக்குச் சொன்ன சோடி நினைவுக்கு வந்தது. டைமரின் இலக்கங்களை அவள் இதுவரை ஒரு கூட்டமாகத்தான் நகர்த்திக்கொண்டிருந்தாள். அந்தந்த இலக்கத்தை எந்த சிக்னல் பார்க்கிறதோ, அதன் பக்கத்தில் அதை வைக்கவே இல்லை.

ஆபீஸில் அப்படி வைத்து ஓட்டினாள். வரைபடம் கொஞ்சம் வளர்ந்தது, நின்றது, சுருங்கியது. சாயங்காலத்துக்கு முன்னால் பச்சை விழுந்தது. கறுப்பு அமுங்கிக் கிடந்தாலும் சிவப்பு போய்ச் சேரும். அந்த நிபந்தனை இல்லாத பச்சை. அவள் அகிலேஷின் மேஜைக்கு நடந்துபோன வேகத்தில் செருப்பு ஒன்று கழன்றுவிட்டது. குனிந்து போட்டுக்கொள்ளாமல் கையில் எடுத்துக்கொண்டு போனாள்.

அவன் உண்மையாகவே மேலே கொண்டுபோனான். அதில் அவனைக் குறை சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் பதிலோடு வந்தான். அறையின் கதவைச் சாத்திவிட்டு மலையாளத்தில் மெல்லப் பேசினான்.

"வேண்டாம்னுட்டாங்க சேச்சி. ஆலைக்குப் போற தேதி மாறாது. டைமர் அடுத்த பதிப்புல வரும். இப்போதைக்குக் கையேட்டுல ஒரு வரி போடுவாங்களாம். சோதனைப் பொத்தானைத் தொடர்ந்து அழுத்தக்கூடாதுன்னு."

"ரெனில் கையேடு வாசிப்பான்னு நெனைக்கியா?"

"எனக்கு ரெனிலத் தெரியாதே."

அறிக்கையை அவள் முன்னால் வைத்தான். பழைய நிபந்தனையோடு, பழைய பச்சைக் குறியோடு. ஜேனட் முதல் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தாள்: சோதனைப் பொத்தான் விடுபட்டால் மட்டுமே இந்த உறுதி செல்லும், வள்ளங்களில் அது விடுபடுவதில்லை.

அகிலேஷ் அதைப் படித்தான். நெற்றியைத் தேய்த்தான்.

"முதல் பாதி இருக்கட்டும். ரெண்டாவது பாதி நாம சொல்லக்கூடியது இல்ல. யாரு போய்ப் பார்த்தாங்கன்னு கேப்பாங்க."

"நான் பாத்தேன்."

"ஒரு பெட்டி."

ஒரு பெட்டிதான் பார்த்திருந்தாள். எல்லாரும் அப்படித்தான் கட்டுகிறார்கள் என்பது ரெனில் சொன்னது.

"அந்தப் பாதியை எடுத்தா நான் போட மாட்டேன்" என்றாள்.

"போட வேண்டாம். நான் போடறேன்."

அவன் போட்டான். ஜேனட்டின் பெயர் இருந்த இடத்தில் அவன் பெயர் வந்தது. யாரும் அவளைத் திட்டவில்லை, விலக்கவுமில்லை. அடுத்த வாரம் ஒரு வாஷிங் மெஷினின் சிப்பைக் கொடுத்தார்கள். அதில் கதவு பூட்டாமல் தண்ணீர் விழாது என்று நிரூபித்துக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்லியாச்சு. இனி அது அவனுவளுக்க பாடு" என்றான் சகாயதாஸ்.

"கடலுக்குப் போறது அவனுவ இல்லியே."

அவன் எழுந்து வாளியில் தண்ணீர் பிடித்தான். ஆட்டோவைத் துடைக்கப் போய்விட்டான். துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மழைக்காலம் முடிந்து கடல் திறந்த சமயத்தில் புதிய பெட்டிகள் வந்தன. ஜேனட் பூசை முடிந்த கையோடு கரைக்குப் போனாள். ரெனில் ஏற்கெனவே கட்டிமுடித்திருந்தான். அதே டியூப், அதே இடம். அவள் கைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, கறுப்புப் பொத்தானுக்கு நேராக ரப்பரில் மட்டும் ஒரு ஓட்டை வெட்டினாள். உள்ளே அமுங்கிக் கிடந்தது கிளுக்கென்று வெளியே வந்தது.

"தண்ணி கேறும்" என்றான் ரெனில்.

"கவர் கெடக்குல்லா. கேறட்டும்னா கேறட்டும். இத மட்டும் அமுக்காத. அமுக்கினா செவப்பு வேலை செய்யாது."

அவன் முகத்தில் இருந்த கேலி மெல்ல வடிந்தது. "அப்ப மத்தவனுவளுக்கு?"

மற்றவர்களிடம் அவள்தான் போனாள். வள்ளம் வள்ளமாக. சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் கத்தரிக்கோலோடு. எத்தனை நிலைகள் இருந்தாலும் ஒரே வரைபடத்தில் பார்த்துப் பழகியவளுக்கு, இங்கே ஒவ்வொரு வள்ளமும் தனித்தனியாகக் கிடந்தது. ரெனில் சொன்னது சரிதான். எல்லாரும் மேலேதான் கட்டியிருந்தார்கள். சிலர் ஒன்றும் கேட்காமல் பெட்டியை நீட்டினார்கள். சிலர் கேட்டார்கள். "ரெனிலுக்க அக்கா ஆபீசராட்டு வந்திருக்காடே, எல்லாவனும் எழும்பி நில்லுங்க" என்று ஒருவன் கத்தினான். இந்தக் கரைக்கு அப்பால் எத்தனை கரைகள் என்பதை அவள் நினைக்காமல் இருக்கப் பார்த்தாள்.

அந்தக் கரையின் மூத்தவர்களில் ஒருவரான ஈசாக்கின் வள்ளம் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நின்றது. பெட்டியைக் கம்பத்தின் உச்சியில் கட்டியிருந்தார். டியூப் மூன்று மடங்கு.

"நான் கட்டின கெட்டுல கத்தி வைக்கப்பிடாது" என்றார்.

"அண்ணே, ஒரு ஓட்டைதான். செவப்ப அமுக்கினா செய்தி போவாதண்ணே, இப்படிக் கெடந்தா."

"செவப்ப நான் அமுக்கவே மாட்டேன் மக்கா. இதுவரைக்கும் அமுக்கினதுமில்ல. போதுமா? அப்ப உனக்க பொட்டியில ஒரு குத்தமும் இல்லியே?"

வள்ளத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஜேனட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆபீஸில் அப்படியும் ஒரு பச்சை விழுவதுண்டு. யாருமே சிவப்பை அழுத்தாத உலகத்தை எழுதிக் கொடுத்துவிட்டால், அழுத்தினால் செய்தி போகும் என்பதைக் கருவி கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொள்ளும். புதிதாக வந்தவர்கள் அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். அவள்தான் அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அது நிரூபணமே இல்லை என்று சொல்லிக்கொடுப்பாள்.

இவரிடம் அதை எப்படிச் சொல்வது என்று அவள் வார்த்தை தேடுவதற்குள் இன்ஜின் முழங்கியது. வள்ளம் முதல் அலையில் ஏறி இறங்கியது. கம்பத்தின் உச்சியில் ஆரஞ்சுப் பெட்டியும் அதன் குறுக்கே கறுப்புப் பட்டையும் கொஞ்ச தூரம்வரை தெரிந்தன.

"மைனி, வாருங்க, வெயில் ஏறுது" என்று ரெஜிலா பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"வாறேன்" என்றாள் ஜேனட். திரும்பி, அடுத்த வள்ளத்துக்கு நடந்தாள்.